சி-டோரி 22 குரூசர்: இருவருக்கான சிறு பயணப் படகு

சி-டோரி 22 குரூசரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது அதன் எடை. எஞ்சினைச் சேர்க்காமல் ஏறக்குறைய 900 கிலோதான். 22 அடி நீளம், 7 அடி 8 அங்குல அகலம். அணியத்தில், அதாவது படகின் முன்பகுதியில், இருவர் படுக்க இடம், இடப்பக்கம் மேசையும் இரண்டு இருக்கைகளும், வலப்பக்கம் ஸ்டீயரிங், அதற்குப் பின்னால் சின்ன அடுப்படி, ஆறடி ஆள் நிமிர்ந்து நிற்கும் கேபின். இத்தனையும் இந்த எடைக்குள் அடங்கும் படகுகள் மிகக் குறைவு. இந்தப் படகில் மனதுக்குப் பிடித்துப்போகிற எல்லாமும், பொறுமையைச் சோதிக்கிற எல்லாமும் அந்த எடையிலிருந்தே தொடங்குகின்றன.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பிறந்த படகு இது. பியூஜெட் சவுண்ட், சான் ஹுவான் தீவுகள் என்று ஓதம் (கடல்நீர் மட்டம்) ஏறி இறங்கும் குளிர்ந்த உள்கடலுக்காகவே உருவானது. சியாட்டிலை அடுத்த பெல்வியூ, ரெட்மண்ட் பக்கம் குடியிருக்கும் நம் ஆட்கள் வார இறுதியில் தீவுகளுக்குப் போய் இரவு தங்கிவர ஒரு படகு தேடினால், பட்டியலில் முதலில் வைக்க வேண்டியது இதைத்தான். ஆனால் இரண்டு பெரியவர்கள், அதிகம் போனால் ஒரு சின்னக் குழந்தை. நான்கு பேர் இரவில் படுக்கலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் நம்ப வேண்டாம். மேசையை இறக்கிப் படுக்கையாக்கினால் கேபினில் கால் வைக்கவும் இடம் இருக்காது, மூட்டை முடிச்சு எல்லாம் பின்தளத்தில் மழையில் நனையும்.

சாலையில் இழுத்துப் போவதில் இதற்கு இணை இல்லை. அமெரிக்காவில் தனி அனுமதி இல்லாமல் சாலையில் போகக்கூடிய அகலம் 8 அடி 6 அங்குலம். அதற்குள் தாராளமாக அடங்கிவிடும். 90 குதிரைத்திறன் எஞ்சின், பெட்ரோல், தண்ணீர், நங்கூரம், சாமான்கள், டிரெய்லர் எல்லாம் சேர்த்தால் 1,800 முதல் 2,100 கிலோ வரை வரும். 5,000 பவுண்டு, அதாவது 2,270 கிலோ இழுக்கத் தகுதி பெற்ற ஹைலேண்டர், பைலட் போன்ற குடும்ப வண்டிகள் இழுத்துவிடும். இழுவைத் தகுதியை மட்டும் பார்த்துக் கிளம்பிவிடுகிறார்கள், அதுதான் தவறு. கொக்கியில் விழும் எடை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக, 150 முதல் 200 கிலோ இருக்க வேண்டும். அந்த எடையும், வண்டிக்குள் இருக்கும் ஆட்களும் பைகளும் சேர்ந்து வண்டியின் சுமைத் தகுதிக்குள் வர வேண்டும். ஓட்டுநர் பக்கத்துக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் அந்த எண் இருக்கிறது. ஒருமுறை எல்லாச் சாமானும் ஏற்றிய நிலையில் எடைமேடையில் நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.

டிரெய்லரில் ரோலர் உருளைகள் உள்ளதா, நீள மரச்சட்டங்கள் உள்ளதா என்பது இந்தப் படகுக்குப் பெரிய விஷயம். அடிப்பகுதி ஃபைபர்கிளாஸ் தோல்களுக்கு நடுவில் பால்சா மரம் வைத்துச் செய்தது. உருளைகள் மொத்த எடையையும் சில புள்ளிகளில் அழுத்தும். நாளடைவில் அந்த இடம் அமுங்கி உள்ளே மரம் நசுங்கலாம். கம்பளம் போர்த்திய நீளச் சட்டங்கள் எடையைப் பரப்பித் தாங்கும். சட்டத்தின் கடைசி முனை படகின் பின்சுவருக்கு நேர் கீழே வரை வர வேண்டும். எஞ்சின் தொங்குவதும் அங்கே, பெட்ரோல் தொட்டிகள் இருப்பதும் அங்கே. சட்டம் அரை அடி குறைந்தாலும் அடிப்பகுதியில் மடிப்பு விழும்.

அடுத்தது சக்கரப் பேரிங். டிரெய்லர் வழியில் நின்றுபோவதற்கு முதல் காரணம் இதுதான். நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம் ஓடிவந்த சக்கர ஹப் சூடாக இருக்கும். அதை உடனே பத்து டிகிரிக் கடல்நீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், பின்பக்க சீல் வழியாக உப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸ் பால் நிறமாகும், பேரிங் துருப்பிடிக்கும், ஒரு நாள் சாலையிலேயே இறுகிப்போகும். அதனால் படகை நீரில் இறக்கும் சாய்தளத்துக்கு வந்ததும் இருபது நிமிடம் நிறுத்திவிட்டு மற்ற வேலைகளைப் பாருங்கள். வழியில் நிறுத்தும் ஒவ்வொரு முறையும் ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங்கோ பிரேக்கோ கெட்டிருக்கிறது. பேரிங் பட்டி எனும் கிரீஸ் மூடியை ஹப்பில் பொருத்தியிருந்தால் உள்ளே இருக்கும் வட்டத் தகடு மூன்று மில்லிமீட்டர் வெளியே நகரும் வரை கிரீஸ் போதும். இன்னும் அழுத்தினால் பின்சீல் பிதுங்கிவிடும், பிறகு தண்ணீரைத் தடுக்க ஒன்றும் இல்லை. உப்புத் தண்ணீரில் இறக்குபவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை பிரித்துப் புது சீல் போடுவது நல்லது.

டயர்களின் பூப் புதிதாக இருந்தாலும் ஐந்தாறு ஆண்டில் மாற்றிவிட வேண்டும். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை, வெயிலில் வெடித்துச் சாகிறது. பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் உச்ச அழுத்தம் வரை காற்று வையுங்கள். சக்கர நட்டுகளை முதல் 80 கிலோமீட்டருக்குப் பிறகு ஒருமுறை டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். வாஷிங்டனில் இந்த எடைக்கு டிரெய்லர் பிரேக் கட்டாயம். வெளிமாநிலத்துக்குப் படகை இழுத்துச் சென்று திரும்பினால் மட்டிச் சிப்பி பரவாமல் தடுக்கும் சோதனைச் சாவடிகளில் நின்றே போக வேண்டும். படகின் அடியிலும் டிரெய்லரிலும் செடியோ சேறோ இல்லாமல், தேங்கிய தண்ணீர் முழுதும் வடித்து, காய்ந்த நிலையில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள்.

படகை இறக்குவது எளிது. வரிசையில் நிற்காமல் ஓரமாக நிறுத்தி வடிகால் திருகை மாட்டுவது, படகின் பக்கம் உரசாமல் காக்கும் ஃபெண்டர் தொங்கவிடுவது, முன்னும் பின்னும் கயிறு கட்டுவது, பின்பக்கப் பட்டைகளை அவிழ்ப்பது, விளக்கு இணைப்பைக் கழற்றுவது எல்லாம் அங்கேயே முடிய வேண்டும். அணியத்துப் பட்டையும் பாதுகாப்புச் சங்கிலியும் மட்டும் தண்ணீரைத் தொடும் வரை இருக்கட்டும். திரும்ப ஏற்றும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். காரணம், டிரெய்லரை மிக ஆழமாக இறக்கிவிடுவது. பின்பகுதி மிதந்து காற்றில் நகரும், மேலே இழுத்ததும் படகு கோணலாக உட்காரும். சக்கர மூடி தண்ணீரில் மறையத் தொடங்கும் அளவில் நிறுத்திவிட்டு, மீதி தூரத்தை வின்ச்சால் இழுத்தால் நேராக வந்து அமரும். பக்கவாட்டில் ஆளுயரக் கம்பங்கள் இரண்டு பொருத்திவிட்டால் குறுக்குக் காற்றுத் தொல்லை பாதி போய்விடும். அவ்வூர்ச் சாய்தளங்கள் சில, நீர் வற்றும்போது கான்கிரீட் முடிந்து சேறு தொடங்கும் இடம் வரை காய்ந்துவிடும். ஓத அட்டவணை பார்க்காமல் திரும்பி வந்தால் மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டியதுதான்.

இனி ஜெட்டியில், அதாவது படகுத்துறை மேடையில் கட்டுவது. எடை குறைவு, கேபின் உயரம், தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் ஆழமோ ஒரு அடிகூட இல்லை. ஆக, காற்று தள்ளினால் எதிர்த்து நிற்கத் தண்ணீருக்குள் இந்தப் படகுக்குப் பிடிமானம் இல்லை. பதினைந்து நாட் (மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர்) குறுக்குக் காற்றில் நியூட்ரலில் விட்டால் சில நொடிகளில் ஒரு படகு அகலம் நகர்ந்துவிடும். பெரிய படகு ஓட்டிப் பழகியவர்கள் மிக மெதுவாக வந்து திணறுவது இதனால்தான். அவுட்போர்டு எஞ்சினில் திசையைத் தருவது உந்துவிசை. முதலில் ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள், பிறகு கியர் போடுங்கள். ஒன்றிரண்டு நொடி உந்தல், உடனே நியூட்ரல், மறுபடி உந்தல். காற்று உங்களை ஜெட்டியை நோக்கித் தள்ளினால் ஒரு மீட்டர் தள்ளி இணையாக நிறுத்துங்கள், மீதியைக் காற்று செய்யும். ஜெட்டியிலிருந்து வெளியே தள்ளினால் 40, 45 டிகிரி கோணத்தில் துணிந்து வந்து, கடைசி நொடியில் ஸ்டீயரிங்கை ஜெட்டிப் பக்கம் முழுதாகத் திருப்பி ரிவர்ஸ் கொடுத்தால் பின்பகுதி உள்ளே வரும்.

தனியாக ஓட்டுபவர்களுக்கு இந்தப் படகில் சேர்க்க வேண்டிய முதல் பொருள், நடுப்பகுதியில் கயிறு கட்டும் ஒரு கிளீட். அதிலிருந்து ஒரே ஒரு கயிறு, ஜெட்டியில் கொஞ்சம் பின்னால் உள்ள கிளீட்டுக்கு. கட்டியதும் முன் கியரில் ஐடிலில் விட்டு, ஸ்டீயரிங்கை ஜெட்டிக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தால் படகு ஜெட்டியோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். பிறகு நிதானமாக இறங்கி மற்றக் கயிறுகளைக் கட்டலாம். ஸ்டீயரிங் வலப்பக்கம் இருப்பதால் முடிந்தவரை வலப்பக்கம் அணையுங்கள். பக்கச் சன்னலைத் தள்ளித் திறந்து தலையை நீட்டினால் ஜெட்டி விளிம்பு தெரியும். அணியத்துக்குப் போகக் கேபின் ஓரமாக உள்ள நடைபாதை ஒரு பாதம் வைக்கும் அகலம்தான். ஈரத்தில் அதில் நடக்கவே வேண்டாம். நங்கூரம் போடுவதையும் எடுப்பதையும் படுக்கைக்கு மேலே உள்ள ஹேட்ச் வழியாக இடுப்பளவு எழுந்து நின்று செய்வதே பாதுகாப்பு.

கடலில் எப்படி ஓடுகிறது? அமைதியான நீரில் அருமை. அடிப்பகுதியின் பின்பாதி தட்டையானது என்பதால் மிகக் குறைந்த வேகத்திலேயே நீர்மேல் எழும்பிவிடும், பன்னிரண்டு பதினான்கு நாட்டில் அலட்டலில்லாமல் ஓடும். அந்த வேகத்தில் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் கிடைக்கும். ஆறு நாட்டில் போனால் இரண்டு மடங்கு. பின்பக்கத் தொட்டிகள் இரண்டும் சேர்ந்து 150 லிட்டர். அனகோர்டிஸின் வாஷிங்டன் பார்க் சாய்தளத்தில் இறக்கி, 20 கடல்மைல் தள்ளியிருக்கும் சூசியா தீவுக்குப் போய்த் திரும்பத் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு போதும். தொட்டிகளை ஒரே நேரத்தில் திறந்து வைக்காமல் ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்துங்கள். ஒன்றில் தண்ணீர் கலந்துவிட்டாலும் மற்றது உங்களைக் கரை சேர்க்கும்.

அலை வந்தால் கதை மாறும். இரண்டு அடிக்கு மேல் குறுகிய இடைவெளியில் வரும் எதிரலையில், தட்டையான அடி அறைவதுபோல் இறங்கும். பாத்திரம் பண்டமெல்லாம் குலுங்கும், முதுகு வலிக்கும். இதைக் குறையென்று சொல்லி விற்றுவிட்டவர்களும் உண்டு. ஆனால் சரிசெய்ய வழி இருக்கிறது. அணியத்தின் முன்முனை நன்றாகக் கூர்மையானது, அதைத் தண்ணீருக்குள் இறக்கினால் அலையை வெட்டிப் போகும். அதற்குப் பின்சுவரின் அடியில் ஏற்றி இறக்கக்கூடிய டிரிம் டேப் தகடுகளும், எஞ்சினின் கேவிடேஷன் தகட்டில் பூட்டும் பெர்மாட்ரிம் அலுமினியத் தகடும் தேவை. இவை இரண்டும் இல்லாத சி-டோரி 22 அரைகுறைப் படகு என்பது என் உறுதியான கருத்து. எஞ்சினை முழுதாக உள்ளே டிரிம் செய்து, டேப்களை இறக்கி, வேகத்தைப் பத்துப் பன்னிரண்டு நாட்டுக்குக் குறைத்தால் அறைவது பெருமளவு அடங்கும். பின்னாலிருந்து அலை துரத்தும்போது இதற்கு நேர்மாறு: டேப்களை உயர்த்தி அணியத்தை மேலே வைக்க வேண்டும். மறந்தால் கூர்மையான அணியம் முன்னலையில் குத்தி, பின்பகுதி பக்கவாட்டில் திரும்பிவிடும். அது உண்மையான ஆபத்து.

அந்தக் கடலில் காற்றைவிட நீரோட்டம் முக்கியம். டிசெப்ஷன் பாஸ் நீரிணையில் ஓட்டம் எட்டு நாட் வரை போகும். ரொசாரியோ நீரிணையில் வற்று நீர் தெற்கே ஓடும்போது தெற்குக் காற்று எதிர்த்தால், காற்று மட்டும் எழுப்பும் அலையைவிட மிகவும் செங்குத்தான அலை எழும். நீரோட்டம் அடங்கும் அமைதியான நீர்வேளையைக் கணக்கிட்டு, கோடையில் காலை பத்து மணிக்குள் கடந்துவிடுங்கள். வானிலை நிலையம் சிறுபடகு எச்சரிக்கை கொடுத்தால், அதாவது 21 நாட்டுக்கு மேல் காற்று என்றால், இந்தப் படகுக்கு அன்று ஓய்வு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரும் ஓதங்களுக்குப் பிறகு கரையொதுங்கிய மரத்தடிகள் மறுபடி மிதந்து வரும். அதனால் இரவில் ஓட்டக் கூடாது, மாற்றுப் புரோப்பெல்லர் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும், அதுவும் அலுமினியத்தில். மரத்தில் மோதினால் அலுமினிய இதழ் வளைந்து கியரைக் காப்பாற்றும்.

நங்கூரத்துக்கு 6 கிலோ டெல்டாவோ ரொக்னாவோ, அதோடு எட்டு மீட்டர் சங்கிலி, 60 மீட்டர் நைலான் கயிறு. கயிற்றின் நீளத்தைப் பலர் தப்பாகக் கணக்கிடுகிறார்கள். வற்றில் ஐந்து மீட்டர் ஆழம், ஓதம் மூன்று மீட்டர் ஏறும், அணியம் தண்ணீரிலிருந்து ஒரு மீட்டர் உயரம். மொத்தம் ஒன்பது, அதைப் போல் ஐந்து மடங்கு, 45 மீட்டர் விட வேண்டும். சூசியா, ஜோன்ஸ், ஸ்டூவர்ட் தீவுகளில் மாநிலப் பூங்காத் துறையின் மிதவைகள் உண்டு, கட்டணம் செலுத்திக் கட்டிக்கொள்ளலாம். கழிப்பறை என்று தனி அறை இந்தப் படகில் இல்லை. கையடக்கக் கழிப்பெட்டிதான், பெரும்பாலும் படுக்கைக்கு முன்னால். பியூஜெட் சவுண்டில் 2018 முதல் சுத்திகரித்த கழிவைக்கூடக் கடலில் விடக் கூடாது. கரையில் உள்ள கொட்டும் இடங்களில்தான் காலி செய்ய வேண்டும்.

வால்லஸ் அடுப்பு உள்ள படகு கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம். ஃபின்லாந்துத் தயாரிப்பு. சமைக்கவும் ஆகும், மூடியை இறக்கினால் விசிறி சூட்டுக் காற்றைத் தள்ளிக் கேபினைக் கதகதப்பாக்கும். புகை வெளியே போய்விடுவதால் சன்னல்களில் நீர் கோக்காது. பற்றும்போது மின்சாரம் நிறைய இழுக்கும். பேட்டரி தளர்ந்திருந்தாலோ கம்பி மெல்லியதாக இருந்தாலோ பற்றாது. அடுப்பு கெட்டுவிட்டது என்று கழற்றி அனுப்புவதற்கு முன் மின்னழுத்தத்தைப் பாருங்கள். கார்பன் மோனாக்ஸைடு அலாரம் ஒன்று கேபினில் கட்டாயம்.

பராமரிப்பில் தலையாயது பால்சா மரத்தை ஈரம் தொடாமல் காப்பது. கேபின் கூரையும் அப்படிச் செய்ததுதான். ஆன்டெனா, விளக்கு, சோனார் உணரி எது பொருத்தினாலும் நேராகத் துளைபோட்டுத் திருகு ஏற்றாதீர்கள். 6 மில்லிமீட்டர் போல்ட் என்றால் முதலில் 12 மில்லிமீட்டர் துளை. வளைத்த ஆலன் சாவியை டிரில்லில் மாட்டிச் சுற்றினால் தோல்களுக்கு நடுவில் உள்ள மரம் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் வெளியே வரும். கீழே நாடா ஒட்டி, சிலிக்காத் தூள் கலந்து தடிப்பாக்கிய எபாக்சியை நிரப்பி, ஒரு நாள் இறுக விட்டு, அதன் நடுவில் 6 மில்லிமீட்டர் துளை போட வேண்டும். பியூட்டைல் நாடா வைத்து முறுக்கினால் போல்ட் வழியே தண்ணீர் இறங்கினாலும் மரத்தைத் தொடாது. ஒரு துளைக்கு இரண்டு நாள் வேலைதான். ஆனால் இதைத் தவிர்த்தவர்கள் வருடங்கள் கழித்துக் கூரையையோ அடியையோ வெட்டித் திறந்திருக்கிறார்கள்.

பின்தளத்து நீர் தானாகக் கடலுக்கு வடியாது. கடைசியில் உள்ள குழிக்கு ஓடி, அங்கே பில்ஜ் பம்பு வெளியேற்ற வேண்டும். 25 மில்லிமீட்டர் மழைக்குச் சதுர மீட்டருக்கு 25 லிட்டர், பின்தளம் முழுக்க எண்பது தொண்ணூறு லிட்டர் சேரும். பம்பின் வாயில் ஒரு இலை அடைத்தால் போதும், பின்பகுதி தாழ்ந்துவிடும். ஜெட்டியில் விட்டு வைப்பவர்கள் கூடாரத் துணி போட வேண்டும். முதல் பம்புக்கு மேலே ஒரு கையளவு உயரத்தில் இரண்டாவது பம்பு, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேரடியாக. கேபின் சன்னல் ஒழுகுகிறது என்று சிலிக்கான் பூசும் முன் கீழ்ச் சட்டத்தின் வடிகால் துளைகளை மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். பாதிக்கு மேல் கோளாறு அங்கேதான்.

எஞ்சின் வேலைகள் எல்லா அவுட்போர்டுக்கும் பொதுவானவை. ஒவ்வொரு கடல் ஓட்டத்துக்குப் பின்னும் பத்து நிமிடம் நன்னீர். நூறு மணி நேரத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை எண்ணெய், நீர் பிரிக்கும் பெட்ரோல் ஃபில்ட்டர். கியர் எண்ணெயைக் கீழ்த்துளை வழியாகவே ஏற்றி, மேல்துளையில் வழியும் வரை விட வேண்டும். வடித்த எண்ணெய் பால் நிறத்தில் இருந்தால் சீல் போய்விட்டது, பெரும்பாலும் புரோப்பெல்லருக்குப் பின்னால் சிக்கிய தூண்டில் நரம்பு வெட்டியதாக இருக்கும். நீர்ப் பம்பின் இம்பெல்லர் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒன்று. எஞ்சினுக்குப் பதிலாக அரிபடும் துத்தநாகக் கட்டிகள் பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். தொட்டி மூடியின் ரப்பர் வளையத்தையும் அப்போதே பாருங்கள். அது வெடித்தால் தளத்தில் ஓடும் மழைநீர் நேராகப் பெட்ரோலில் இறங்கும்.

பழைய படகு வாங்கும்போது பளபளப்பில் மயங்காமல் பிளாஸ்டிக் சுத்தியல் பிடியால் கூரையையும் அடிப்பகுதியையும் தட்டிக்கொண்டே வாருங்கள். டிரிம் டேப், உணரி, கூரை விளக்கு உள்ள இடங்களைச் சுற்றி மெதுவாக. டக் டக் என்ற கூர்மையான ஒலி மந்தமானால் உள்ளே தோல் பிரிந்திருக்கிறது அல்லது மரம் நனைந்திருக்கிறது. பின்சுவரில் டிரிம் டேப் திருகு ஒன்றைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பழுப்புத் தண்ணீர் வந்தால் விலையைக் குறைத்துப் பேசுவதில் பயனில்லை, பழுதுக்கான செலவு அதை விழுங்கிவிடும். எஞ்சினின் சிலிண்டர்களில் அழுத்தம் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். டிரெய்லரின் அச்சையும் பிரேக் குழாய்களையும் படுத்துக்கொண்டு பாருங்கள். திருகைக் கழற்ற விற்பவர் மறுத்தால் அந்தப் படகை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போங்கள்.